ஜெர்மனியில் மூன்றாம், நான்காம் அடுக்குக் கால்பந்து பார்க்கப் போகிறவருக்கு

கேள்வி இது: "அக்டோபரில் பத்து நாள் ஜெர்மனி போகிறேன். முதல் அடுக்கான பன்டெஸ்லிகா வேண்டாம். அதற்குக் கீழே, உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே பாடிப் பார்க்கும் ஆட்டம் ஒன்றாவது பார்க்க வேண்டும். ரோட்-வைஸ் எஸ்ஸன் கிளப் மனதில் இருக்கிறது. விமான டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடுவது, மேட்ச் டிக்கெட் எப்படி வாங்குவது?"

தேதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். சீசன் அட்டவணை ஜூலை வாக்கில் வந்துவிடும். ஆனால் எஸ்ஸனின் ஆட்டத்துக்கு நேரே அதில் இருப்பதை ஒரு வார இறுதி என்றுதான் படிக்க வேண்டும், நாள் என்று படிக்கக் கூடாது. 2025-26 சீசனில் மூன்றாம் லீகின் ஒரு சுற்று இப்படிப் பரவியிருந்தது: வெள்ளி 19:00, சனி 14:00, 16:30, ஞாயிறு 13:30, 16:30, 19:30. எந்த ஆட்டம் எந்த நேரத்தில் என்பதை ஜெர்மன் கால்பந்துச் சங்கமான டிஎஃப்பி சில சுற்றுகளுக்கு மொத்தமாகச் சேர்த்து, சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கும். தொலைக்காட்சிக்கு ஒரு விருப்பம் இருக்கும், போலீசுக்கு ஒன்று. பக்கத்து ஊரில் அதே நாளில் பெரிய ஆட்டம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். அட்டவணையில் சனிக்கிழமையைப் பார்த்துவிட்டு, சனி காலை இறங்கி ஞாயிறு மதியம் கிளம்ப டிக்கெட் போட்டவருக்கு, ஆட்டம் ஞாயிறு இரவு 7.30க்குப் போய்விட்டது என்று பின்னால் தெரியவரும்.

உங்களிடம் பத்து நாள் இருப்பது நல்லது. ஒரு வெள்ளி காலையில் இறங்கி, அடுத்த வாரத்து ஞாயிறைத் தாண்டித் திங்கள் கிளம்புங்கள், பத்து இரவு ஆகும். சொந்த மைதானம், வெளியூர் என்று ஆட்டங்கள் பொதுவாக மாறி மாறி வருவதால், இரண்டு வார இறுதிகளில் ஒன்றில் எஸ்ஸன் வீட்டில் ஆடும். ஒரு விலக்கு உண்டு: அக்டோபரில் தேசிய அணிகளுக்கான இடைவேளை வரும். அந்த வார இறுதியில் மேல் அடுக்குகளான இரண்டு பன்டெஸ்லிகாக்களும் நிற்கும். மூன்றாம் லீகும் பெரும்பாலும் நிற்கும். நான்காம் அடுக்கும் அதற்குக் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். அதே இடைவேளையில்தான் வட்டாரக் கால்பந்துச் சங்கங்களின் கோப்பை ஆட்டங்களையும் நிறைய வைப்பார்கள். எஸ்ஸன், டூயிஸ்பர்க், ஓபர்ஹவுஸன், வுப்பர்டால் நான்கும் நீடர்ரைன் சங்கத்தைச் சேர்ந்தவை. பல ஆயிரம் பேர் முன்னால் ஆடிப் பழகிய அணி, ஒரு பேட்டை மைதானத்தில் கயிறு கட்டிய ஓரத்துக்குள் ஆடுவதை அந்தக் கோப்பையில்தான் பார்க்க முடியும். இடைவேளை தேதிகளைப் பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்டெஸ்லிகா, இரண்டாம் பன்டெஸ்லிகா, அதன் கீழே 2008இல் தொடங்கிய மூன்றாம் லீக், அதில் 20 அணிகள். நான்காவது ரெகியோனால்லிகா: வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா என ஐந்து பிரிவுகள். ஐந்தாவது ஓபர்லிகா, 14 பிரிவுகள். அதற்கும் கீழே ஊர்ப் பூங்கா அளவுக்கு இறங்கி க்ரைஸ்லிகா வரை போகிறது. நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு ஏறுவதில் ஒரு கோணல் இருக்கிறது: ஐந்து சாம்பியன்கள், நான்கு இடங்கள். 2025இல் வடகிழக்கு சாம்பியனான லோகோமோட்டிவ் லைப்சிக், வடக்கு சாம்பியன் ஹாவெல்ஸேயிடம் இரண்டு ஆட்டத் தகுதிப் போட்டியில் தோற்று, சாம்பியனாக இருந்தும் அங்கேயே நின்றது. சீசன் கடைசி மாதங்களில் ரெகியோனால்லிகா ஆட்டங்களில் பதற்றம் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

ஊர் என்று பார்த்தால் எஸ்ஸனைத் தேர்ந்தெடுத்தது சரி. அணிக்காக மட்டும் சொல்லவில்லை. ரைன்-ரூர் பகுதியில் ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் இத்தனை கிளப்புகள் ஜெர்மனியில் வேறெங்கும் நெருங்கிக் கிடப்பதில்லை. ஓர் ஆட்டம் தள்ளிப்போனால் இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2025-26இல் எஸ்ஸன், டூயிஸ்பர்க், ஆகன், விக்டோரியா கொலோன் நான்கும் மூன்றாம் லீகில் இருந்தன. ரெகியோனால்லிகா மேற்கில் ஓபர்ஹவுஸன், வுப்பர்டால், ஃபோர்டுனா கொலோன், கூடவே டார்ட்மண்ட், ஷால்க்க போன்ற பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள். மே மாதத்துக்குப் பின் இந்த வரிசை மாறும். நீங்கள் போகும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதானங்களுக்குள் வித்தியாசம் நிறைய. எஸ்ஸனின் ஹாஃபன்ஸ்ட்ராஸ மைதானம் 2012இல் திறந்தது, சுமார் 20,000 பேர் கொள்ளும். 1955இல் ஜெர்மன் சாம்பியனான கிளப் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆகனின் டிவோலி கிட்டத்தட்ட 33,000 பேருக்கானது. நான்காம் அடுக்கில் ஆடிய ஆண்டுகளிலேயே அந்த ஊர் அங்கே பெரும் கூட்டமாக வந்தது. ஓபர்ஹவுஸன் மைதானம் ரைன்-ஹெர்ன கால்வாய்க்கும் எம்ஷர் ஆற்றுக்கும் நடுவே தீவு போல இருக்கும் நிலத்தில் கிடக்கிறது. வுப்பர்டாலுக்குத் தொங்கு ரயிலில் போகலாம். நிறுத்தத்தின் பெயரே ட்ஸோ/ஷ்டாடியோன் (Zoo/Stadion), இறங்கினால் பக்கத்தில் மைதானம். டார்ட்மண்ட் இரண்டாம் அணி ஆடும் ரோட்ட எர்ட, 1926இல் திறந்த பழைய மைதானம். அந்தக் கிளப்பின் 81,000 பேர் கொள்ளும் பெரிய மைதானத்துச் சுவரை ஒட்டியே இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எஸ்ஸன். இரண்டு என்றால் கூட வுப்பர்டாலைச் சேர்ப்பேன், தொங்கு ரயிலுக்காகவே.

மியூனிக் 1860 அணியை நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. க்ரூன்வால்டர் மைதானம் 15,000 பேருக்குத்தான். பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் போய்விடும். மூன்றாம் லீக்தானே என்று கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணியும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறது. மைதானத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அது சுலபமான வழி.

அக்டோபர் நல்ல மாதம். ஆகஸ்ட் முதல் நவம்பர் தொடக்கம் வரையும், மார்ச் முதல் மே நடு வரையும் நம்பலாம். டிசம்பர் நடுவில் குளிர்கால ஓய்வு தொடங்கும். மூன்றாம் லீக் ஜனவரியில் திரும்பிவிடும், ரெகியோனால்லிகா பல இடங்களில் பிப்ரவரி வரை இழுக்கும், க்ரைஸ்லிகா மார்ச்சில்தான் உருப்படியாக எழும். ஜூனில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது.

விசா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயண நோக்கம் சுற்றுலா என்றே இருக்கட்டும். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவு, நாள்வாரித் திட்டம், திரும்பும் விமானம் இவைதான் கோப்பில் எடை உள்ள தாள்கள். மேட்ச் டிக்கெட் அந்த நேரத்தில் விற்பனைக்கே வந்திருக்காது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹோட்டல் போடுமுன் எஸ்ஸன், டூசல்டார்ஃப், கொலோன் ஊர்களின் வணிகக் கண்காட்சி நாட்களைப் பாருங்கள். அந்த நாட்களில் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். டூயிஸ்பர்க், போஹும், ஓபர்ஹவுஸன் அதே ரயில் வலைக்குள்ளேயே இருக்கும் மலிவான மாற்றுகள்.

இனி மேட்ச் டிக்கெட். மூன்றாம் லீக் கிளப்புகள் தங்கள் சொந்த இணையக் கடையில் விற்கின்றன. பெரிய ஆட்டம் என்றால் உறுப்பினர்களுக்கு முதல் சில நாள், பிறகு பொது விற்பனை. வழக்கமாக ஆட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு. நிற்கும் இடத்தின் பெயர் ஷ்டேப்ளாட்ஸ், சுமார் 12 முதல் 18 யூரோ. உட்காரும் இடம் ஸிட்ஸ்ப்ளாட்ஸ், 20இல் தொடங்கி 40ஐத் தாண்டும். ரெகியோனால்லிகாவில் நிற்பதற்கு 10 யூரோவை ஒட்டி, க்ரைஸ்லிகாவில் 3 முதல் 5. ஹாவ்ப்ட்ட்ரிபூன என்றால் பிரதான மேடை, கேகன்கெராட என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். முதன்முறை போகிறவருக்கு எதிர்ப்பக்கம்தான் சிறந்தது: ஆட்டமும் தெரியும், கோலுக்குப் பின்னால் கொடி வீசும் கூட்டமும் தெரியும். கோலுக்குப் பின்னால் நடுப்பகுதியில் நின்றால் கொடித்துணியைத்தான் பார்ப்பீர்கள். கெஸ்ட என்று இருக்கும் பகுதி வெளியூர் ரசிகர்களுக்கானது. மற்றதெல்லாம் தீர்ந்து அங்கே மட்டும் இடம் காட்டினாலும் எடுக்காதீர்கள். எர்மேஸிக்ட் என்றால் சலுகை விலை. வாசலில் மாணவர் அட்டையோ வேறு சான்றோ கேட்பார்கள், இல்லையென்றால் மீதியைக் கட்டச் சொல்வார்கள்.

பணம் கட்டும் இடத்தில் இந்திய அட்டைகளுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களாகத் திறக்க வேண்டும். இரண்டு, ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஜெர்மனி போய் உள்ளூர் சிம் போட்டபின் வாங்கலாம் என்று வைத்திருந்தால், ஓடிபி வராமல் கூடை காலாவதியாகும். கிளம்புமுன்பே வாங்குங்கள், அல்லது இந்திய சிம்மில் எஸ்எம்எஸ் வரும் அளவுக்கு ரோமிங் வைத்திருங்கள். மறுவிற்பனைத் தளங்களில் வாங்குவது வீண்செலவு. கிளப் அந்த டிக்கெட்டை முடக்கினால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். ரெகியோனால்லிகாவுக்குக் கீழே இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டாகஸ்காஸ என்ற அன்றைய கவுன்டரில் நோட்டை நீட்டி "ஐன்மால் ஷ்டேப்ளாட்ஸ், பிட்டெ" என்றால் போதும். அங்கே அட்டை எடுக்காத கவுன்டர்கள் இன்னும் உண்டு, 10, 20 யூரோ நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்கு வருவோம். டாய்ச்லான்ட்-டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க வட்டார ரயில், எஸ்-பான் என்ற நகர்ப்புற ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. பத்து நாளுக்கு இது லாபம்தான், ஆனால் இது சந்தா. நடப்பு மாதத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், மறந்தால் அடுத்த மாதப் பணமும் போகும். 12ஆம் தேதி இறங்குபவர் அங்கே போய் வாங்கினால் இரண்டு மாதத்துக்குக் கட்ட வேண்டிவரும். அவருக்கு நாள் சீட்டுகளே மேல். நிறையக் கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டிலேயே அன்றைய உள்ளூர்ப் போக்குவரத்து சேர்ந்திருக்கும், கோம்பிடிக்கெட் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிராங்க்பர்ட்டில் இறங்கினால் விமான நிலையத்தின் தொலைதூர ரயில் நிலையத்திலிருந்தே டூயிஸ்பர்க், எஸ்ஸன் பக்கம் ஐசிஇ கிடைக்கும். மலிவான ஸ்பார்ப்ரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும். விமானம் தாமதமானால் அது வெற்றுத் தாள், எனவே இறங்கிய நாளுக்கு அதை எடுக்க வேண்டாம். ரயில்வேயின் தாமதத்தால் 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்குவீர்கள் என்றால் அந்தக் கட்டு தளர்ந்து வேறு ரயிலில் ஏறலாம்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தி மாற்றுப் பஸ் விடுவார்கள். எஸ்இவி என்ற எழுத்துகளைச் செயலியில் பார்த்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முந்தின இரவே அன்றைய பாதையைப் பார்த்து, தேவைக்கு இரண்டு ரயில் முன்னால் கிளம்புங்கள். எஸ்ஸன் மைதானத்துக்கு எஸ்ஸன்-பெர்கபோர்பெக் நிலையத்திலிருந்து நடக்கலாம். டூயிஸ்பர்க் மைதானத்துக்கு எஸ்1 வண்டியில் ஷ்லெங்க் நிலையம், அங்கிருந்து கால் மணி நடை. வெளியூர் ரசிகர்களால் நிரம்பிய பெட்டி வந்தால் அடுத்த வண்டியில் ஏறுங்கள். அபாயம் என்பதைவிட, போலீஸ் அவர்களை மொத்தமாக இறக்கி வேறு பாதையில் அழைத்துப் போகும்; நடுவில் மாட்டினால் வெளியே வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும்.

மூன்றாம் லீகில் வாசல் பெரும்பாலும் ஒன்றரை மணி முன்பு திறக்கும். உடல் சோதனை உண்டு. ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் விடுவதில்லை. முதுகுப் பையை ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள், மைதானத்தில் வைக்க இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் பாட்டில், குடை, லென்ஸ் மாற்றும் கேமரா எல்லாம் வாசலோடு நின்றுவிடும். மழைக்கு மேல்கோட்டு. கூரை இல்லாத நிற்கும் மேடைகள் உண்டு. காங்கிரீட் குளிர் செருப்பு வழியே ஏறும் என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ அக்டோபர் இரவிலேயே தேவைப்படும்.

உடையின் நிறம் விளையாட்டில்லை. எஸ்ஸனில் நீலம்-வெள்ளை சேர்த்துப் போடாதீர்கள். அது பகை அணியான ஷால்க்கவின் நிறம். கறுப்பு, சாம்பல் பாதுகாப்பானவை. உள்ளே ஒரு மஃப்ளர் வாங்கிக்கொண்டால் பேச்சும் கிடைக்கும். தீவிர ரசிகர்கள் நிற்கும் பகுதியை நோக்கி வீடியோ எடுக்காதீர்கள். வண்ணப் புகை கொளுத்துவது தண்டனைக்குரியது, முகம் பதிவாவதை அவர்கள் விரும்புவதில்லை, போனைத் தாழ்த்தச் சொல்வார்கள். வேலியில் கட்டிய கொடித்துணியைத் தொடவே கூடாது, அது அவர்களுக்கு மானப் பிரச்சினை. சில ஊர்களின் ரசிகர் வட்டங்களில் வலதுசாரித் தீவிரம் ஊடுருவிய வரலாறு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் நிறத்தவர் தனியாகப் போகும்போது, ஊர் தெரியாத இடத்தில் இருக்கை டிக்கெட் எடுப்பதும், பரம்பரைப் பகை ஆட்டங்களைத் தவிர்ப்பதும் நல்லது. தொல்லை என்றால் பக்கத்தில் நிற்கும் ஓர்ட்னர் என்ற மைதான ஊழியரிடம் சொல்லலாம். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 112. மாறாக ஹாம்பர்க்கின் அல்டோனா 93, பாட்ஸ்டாமின் பாபெல்ஸ்பெர்க் 03 போன்றவற்றின் ரசிகர்கள் இனவெறிக்கு எதிரானவர்கள் என்றே பெயர் பெற்றவர்கள்.

சாப்பாடு: ரொட்டிக்குள் வைத்த பிராட்வர்ஸ்ட் பன்றிக்கறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சைவத்துக்கு உருளை வறுவலும் உப்புப் பிரெட்சலும்தான் எங்கும் நிச்சயம். ரூர் பக்கத்தில் கெச்சப்பும் மயோனைசும் சேர்த்த வறுவலுக்குப் பெயர் பொம்மஸ் ஷ்ராங்க, அதாவது ரயில்வே கேட் வறுவல், சிவப்பு-வெள்ளைக் கட்டையைப் போல இருப்பதால். பானக் கோப்பைக்கு ஃபான்ட் என்று ஒன்றிரண்டு யூரோ முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும், மிதித்து உடைத்தால் திரும்பாது. கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் வீரரின் முதற்பெயரைச் சொல்வார், மைதானம் குடும்பப் பெயரைக் கத்தும். அடுத்து அவர் எதிரணியின் பெயரைச் சொல்ல, அது எத்தனை கோல் போட்டிருந்தாலும் கூட்டம் "நுல்!" என்று பூஜ்யம் கொடுக்கும். ஸ்கோருக்குப் பலகையைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள். அன்று சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகளே கதி, ஊரே மைதானத்தில்தான். ஃபுஸ்பால்.டிஇ என்ற டிஎஃப்பியின் அமெச்சூர் தளத்தில் ஊரைப் போட்டால் கடைசி அடுக்கு வரை ஆட்டங்களும் மைதான முகவரியும் வரும், புல்லா செயற்கைப் புல்லா என்பது உட்பட. ஒரே கிளப்பின் இரண்டாம் அணி 13:00க்கும் முதல் அணி 15:00க்கும் ஆடுவது வழக்கம். ஒரு முகவரியில் இரண்டு ஆட்டம். வாசலில் ஒரு மேசை, ஒரு பணப்பெட்டி, சில இடங்களில் அதுவும் இல்லை.

கடைசியாக, ரத்தாகும் ஆட்டங்கள். புல்லுக்கடியில் வெப்பக் குழாய் இல்லாத நான்காம் அடுக்கு மைதானங்கள் ஏராளம். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ஆட்டத்தன்று காலையில்கூட ரத்து என்று வரும். ரத்து என்று பொருள்படும் அப்சாக என்ற சொல்லையும், ஆட முடியாத தரை என்று பொருள்படும் உன்பெஷ்பீல்பார் என்பதையும் மனதில் வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான்காம் அடுக்கு ரத்தானால், அதே ஊரில் செயற்கைப் புல்லில் நடக்கும் க்ரைஸ்லிகா ஆட்டம் பெரும்பாலும் நடக்கும். அந்த முகவரியை முந்தின இரவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.